வோலடைல் போட்டும் அடங்காத பிழைகள்: அறிகுறி பார்த்து ஆளைப் பிடிப்பது எப்படி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு அளவுப் பெட்டி ஒன்று செய்து கொடுத்தோம். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் போகும் குழாயில் ஓட்டத்தையும் பிஹெச் அளவையும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) படித்து வைக்கும், இன்னொரு த்ரெட் எடுத்து அனுப்பும். சத்துவாச்சாரியில் எங்கள் மேசைக் கணினியில் வாரக்கணக்கில் பிசகாமல் ஓடியது. அங்கே கொண்டுபோய் மாட்டியதும், மதியத்தில் மட்டும், நாளைக்கு ஒன்றிரண்டு முறை, பழைய அளவைப் புதிய நேரத்தோடு சேர்த்து அனுப்பியது.

சித்திரை மாதம். வேலூர்ப் பக்கம் எது பழுதானாலும் முதல் குற்றவாளி வெயில்தான். பெட்டிக்கு விசிறி வைத்தோம், நிழலுக்கு மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. மதியத்தில் எல்லா பம்புகளும் ஓடும், அளவுகள் அடுக்கடுக்காக வரும், இரண்டு த்ரெட்டும் ஒரே நொடியில் பிராசசரின் வெவ்வேறு கோரில் (கட்டளைகளை ஓட்டும் பகுதியில்) முட்டிக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். அளவு தயார் என்று ஒரு த்ரெட் இன்னொன்றுக்குச் சொல்ல ஃபிளாக் என்ற அடையாள மாறி ஒன்று வைத்திருந்தோம், அதை சி மொழியின் வோலடைல் என்ற சொல்லைச் சேர்த்து அறிவித்திருந்தோம். "அண்ணா, ஃபிளாக் வோலடைல்தானே?" என்று கூட இருந்த தம்பி கேட்டான். ஆமாம், வோலடைல்தான். அதனால்தான் ஒரு வாரம் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தோம்.

மெமரியில் லோட் (எடுப்பது), ஸ்டோர் (வைப்பது) வரிசையை மாற்றக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், மற்றவர் அவற்றை ஓட்டும் பிராசசர். வோலடைல் என்ற சொல் கம்பைலரிடம் மட்டும் பேசும்: இந்த மாறியை ஒவ்வொரு முறையும் மெமரியில் இருந்தே எடு, எழுதியதை விட்டுவிடாதே, மற்ற வோலடைல்களோடு இதன் வரிசையை மாற்றாதே. பிராசசரின் காதில் அது விழாது. த்ரெட்கள் பகிரும் மாறிக்கென்றே உள்ள அட்டாமிக் என்ற வகை இரண்டு பேரிடமும் பேசும். எனவே பிழை வந்தால் முதல் கேள்வி, யார் மாற்றினார் என்பது.

அதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்

முதலாவது, ஆப்டிமைசேஷனை (கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் அளவை) ஓ2-இல் இருந்து ஓ0-க்கு இறக்கி ஓட்டுங்கள். பிழை மறைந்தால் கம்பைலர் மேல் சந்தேகம் வைக்கலாம். சந்தேகம் மட்டும்தான். ஓ0-இல் நிரல் மெதுவாகிவிடும், மோதும் நேரமே மாறிவிடும்.

இரண்டாவது, எனக்குப் பிடித்தது. லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளையால் முழு நிரலையும் ஒரே கோரில் கட்டிப் போடுங்கள். தான் எழுதியதைத் தான் படிக்கும்போது ஒரு கோர் எப்போதும் நிரலில் உள்ள வரிசைப்படிதான் பார்க்கும். ஆகவே ஒரே கோரில் பிழை தொடர்ந்தால் பிராசசர் நிரபராதி. கம்பைலரோ உங்கள் தர்க்கமோதான் காரணம். ஒரே கோரில் மறைந்து பல கோரில் வந்தால் பிராசசர் பக்கம் திரும்புங்கள். நீண்ட நேரம் ஓட்ட வேண்டும், ஏனென்றால் ஒரே கோரில் த்ரெட்கள் மாறி மாறி ஓடும் சந்தர்ப்பமே குறைவு.

மூன்றாவது, கம்பைலர் தந்த இயந்திரக் கட்டளைகளை, அதாவது அசெம்பிளியைப் பார்ப்பது. ஆப்ஜ்டம்ப் என்ற கருவி போதும், சின்னத் துண்டு என்றால் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் ஒட்டிப் பார்க்கலாம். எங்கள் பெட்டியின் போர்டில் இருப்பது ஆர்ம் வகைப் பிராசசர், ஆர்ம் அசெம்பிளி தெரியாது என்று பயப்பட வேண்டாம். எல்டிஆர் என்றால் எடுப்பது, எஸ்டிஆர் என்றால் வைப்பது, பி என்று தொடங்குவது பெரும்பாலும் தாவுவது. இந்த வேலைக்கு இவ்வளவு போதும்.

அறிகுறி: ஓ2-இல் லூப் விட்டு வெளியே வரவே இல்லை, ப்ரிண்ட் போட்டால் வருகிறது

'தயார்' என்ற சாதாரண மாறி பூஜ்யமாக இருக்கும் வரை சுற்றும் லூப் என்று வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் அதை யாரும் மாற்றவில்லை என்று கம்பைலர் பார்க்கிறது. பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் மெமரிக்குப் போக வேண்டும்? எல்டிஆர் லூப்புக்கு வெளியே போய்விடும். உள்ளே மிச்சம் இருப்பது தன்னைத் தானே நோக்கித் தாவும் ஒரே கட்டளை. மற்ற த்ரெட் நூறு முறை ஒன்று என்று எழுதினாலும் இது பார்க்காது. சி++ மொழியில் இன்னொரு விபரீதமும் உண்டு: வெளியே தெரியும் வேலை எதுவும் செய்யாத லூப் எப்படியும் முடியும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே லூப்பையே தூக்கிவிட்டு, காத்திருக்காமல் தாண்டிப் போகவும் அதற்கு அனுமதி இருக்கிறது.

ப்ரிண்ட் போட்டால் சரியாவது ஏன்? ப்ரிண்ட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. அது நம் பொது மாறியைத் தொட்டிருக்கலாம் என்று பயந்து மறுபடி மெமரியில் இருந்து எடுக்கிறது. ஸ்லீப் போட்டாலும் இதே கதை. ப்ரிண்ட் போட்டால் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் அதை நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தாக வேண்டாம். அந்த ப்ரிண்ட்டை அப்படியே விட்டு அனுப்பிய நிரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஓர் அறிகுறிக்கு வோலடைல் பலிக்கும். வம்பே இங்கேதான் தொடங்குகிறது. ஒரு முறை பலித்ததும், த்ரெட்டுக்கு இடையே வோலடைல் போதும் என்று மனதில் பதிந்துவிடும். ஜாவா படித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். 2004-இல் வந்த ஜாவா 5 முதல் அந்த மொழியில் வோலடைல் வரிசைக்கும் உறுதி தருகிறது. சி-யில் அதே சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. மைக்ரோசாஃப்டின் கம்பைலரும் குழப்பத்துக்குத் துணை போகிறது: எக்ஸ்86-க்கு (எங்கள் மேசைக் கணினியில் உள்ள பிராசசர் வகை) தொகுக்கும்போது வோலடைலுக்குக் கூடுதல் வரிசை உறுதி தருவதுதான் அதன் வழக்கமான அமைப்பு, ஆர்முக்குத் தொகுக்கும்போது அப்படி இல்லை. விண்டோஸில் ஓடியது என்ற சாட்சியம் இங்கே செல்லாது.

அறிகுறி: மேசைக் கணினியில் சரி, போர்டில் மட்டும் ஃபிளாக் புதிது, தரவு பழையது

எங்கள் பெட்டியின் நோய் இதுதான். எழுதும் த்ரெட் முதலில் அளவை எழுதும், பிறகு நேரத்தை, கடைசியில் 'தயார்' ஃபிளாக்கை. படிக்கும் த்ரெட் ஃபிளாக்கைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் எடுக்கும். ஃபிளாக் மட்டும் வோலடைல்.

முதல் ஓட்டை கம்பைலர் பக்கம். வோலடைலுக்கும் வோலடைலுக்கும் இடையேதான் வரிசை காக்கப்படும். சாதாரண மாறியில் எழுதுவதை வோலடைல் எழுத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்தக் கம்பைலருக்கு உரிமை உண்டு. அதனால் சோதனைக்காக மூன்றையும் வோலடைல் ஆக்கினோம். அசெம்பிளியில் மூன்று எஸ்டிஆரும் நாம் எழுதிய வரிசையிலேயே இருந்தன. ஆனாலும் பிழை வந்தது. ஒரே கோரில் கட்டினோம், இரண்டு நாள் வரவில்லை. தீர்ப்பு தெளிவு.

பிராசசர் என்ன செய்கிறது என்பதற்குக் கடைக்கணக்கு தெரிந்தவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இது. ஒவ்வொரு கோரும் ஒரு கணக்குப்பிள்ளை. எழுத வேண்டியதை முதலில் தன் சிட்டாவில் குறித்துக்கொள்வார், சமயம் கிடைக்கும்போது பொதுப் பேரேட்டில் ஏற்றுவார். தன் சிட்டாவைத் தான் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பேரேடு மட்டும்தான் தெரியும். எக்ஸ்86 கணக்குப்பிள்ளை கறாரானவர். சிட்டாவில் எழுதிய வரிசையிலேயே பேரேட்டில் ஏற்றுவார், மற்றவர் எழுதியதைப் படிக்கும்போதும் வரிசை தவறாததுபோலவே நடந்துகொள்வார். ஆர்ம் கணக்குப்பிள்ளை எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதில் முதலில் ஏற்றுவார். படிக்கும் பக்கத்திலும் அப்படியே, பின்னால் கேட்டதை முன்னால் படித்து வைத்திருப்பார். நாங்கள் போட்டது கார்டெக்ஸ் ஏ72 கோர் நான்கு உள்ள போர்டு. மேசைக் கணினி எக்ஸ்86. பிழை ஏன் ராணிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது என்பது புரிந்திருக்கும்.

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். கோயில் விஷயம் 1981-இல் சரியாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். வோலடைல் ஃபிளாக் அரசனில்லாக் கோட்டைதான். அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது, உள்ளே ஆணையிட ஆள் இல்லை.

மருந்து: ஃபிளாக்கை அட்டாமிக் ஆக்குங்கள். எழுதும் பக்கம் ரிலீஸ், படிக்கும் பக்கம் அக்வயர். சி11, சி++11 இரண்டிலும் இருக்கிறது. ரிலீஸ் என்றால் எனக்கு முன் எழுதியவை எல்லாம் தெரிந்த பிறகே நான் தெரிவேன் என்று பொருள். அக்வயர் என்றால் எனக்குப் பின்னால் உள்ள லோட்கள் என்னைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதிக் கதவுக்குப் பூட்டு போட்ட மாதிரி. தரவு மாறிகள் சாதாரணமாகவே இருக்கலாம், வோலடைலை எடுத்துவிடுங்கள். ஆனால் படிக்கும் த்ரெட் எடுத்து முடிக்கும் வரை எழுதும் த்ரெட் அதே இடத்தில் மறுபடி எழுதாமல் இருக்க வேண்டும். அதற்குத் திரும்பிச் சொல்லும் இன்னொரு ஃபிளாக்கோ வரிசைப் பட்டியலோ வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. 64 பிட் ஆர்மில் தொகுத்தால் ஃபிளாக்கைப் படிக்கும் இடத்தில் எல்டிஆர் போய் எல்டிஏஆர் வந்திருக்கும், எழுதும் இடத்தில் எஸ்டிஎல்ஆர். புதிய சிப்புகளுக்கெனத் தொகுத்தால் எல்டிஏபிஆர் என்று வரலாம், அதுவும் சரி. 32 பிட் ஆர்ம்வி7 என்றால் எல்டிஆருக்குப் பக்கத்தில் டிஎம்பி என்ற தடைக் கட்டளை நிற்கும். எக்ஸ்86-இல் தேடினால் எதுவும் மாறியிருக்காது, வெறும் மூவ்தான். அந்தக் கறார்க் கணக்குப்பிள்ளைக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அட்டாமிக் வேலை செய்யவில்லையோ என்று குழம்பாதீர்கள், கம்பைலருக்குப் போட்ட தடை அங்கேயும் உண்டு.

போர்டு கையில் இல்லாமல் மேசையிலேயே இதைப் பிடிக்க வேண்டும் என்றால் த்ரெட் சானிடைசர் என்ற சோதனை வசதியைப் போட்டுத் தொகுத்து ஓட்டுங்கள். 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. பிராசசர் வரிசையை மாற்றியதா என்று அது பார்ப்பதில்லை. ஒழுங்கு ஏற்பாடு இல்லாமல் இரண்டு த்ரெட் ஒரே இடத்தைத் தொடுகிறதா என்று பார்க்கிறது. அதனால் எக்ஸ்86-லேயே கத்திவிடும். வோலடைல் போட்டிருந்தாலும் கத்தும். ஒரு வாரம் விசிறி வைத்துக்கொண்டிருந்ததற்குப் பதில் இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அறிகுறி: அக்வயர், ரிலீஸ் எல்லாம் போட்டாயிற்று, எக்ஸ்86-லேயே இரண்டு த்ரெட்டும் ஒரே சமயத்தில் உள்ளே போகின்றன

நான் வருகிறேன் என்று என் ஃபிளாக்கை எழுதிவிட்டு அடுத்தவன் ஃபிளாக்கைப் பார்க்கும் வகை நிரல்களில் இது வரும். சிட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வருகையைச் சிட்டாவில் குறித்துவிட்டு, பேரேட்டில் ஏற்றும் முன்பே பேரேட்டைப் பார்த்தால் இருவருக்கும் காலியாகத்தான் தெரியும். எழுத்துக்குப் பின் வரும் படிப்பு முந்திக்கொள்வதை எக்ஸ்86 அனுமதிக்கிறது, அது அனுமதிக்கும் ஒரே தளர்வும் இதுதான். அக்வயரும் ரிலீஸும் இதைத் தடுக்காது. எல்லா த்ரெட்டும் ஒரே வரிசையைப் பார்க்கும் சீக்வென்ஷியல் வரிசை வேண்டும். வரிசை எதுவும் குறிப்பிடாமல் அட்டாமிக் மாறியைப் பயன்படுத்தினால் கிடைப்பது அதுதான். அசெம்பிளியில் எழுதும் இடத்தில் எக்ஸ்சிஹெச்ஜி, அல்லது மூவ் கட்டளையோடு எம்ஃபென்ஸ் தெரிய வேண்டும். உண்மையில் இந்த வகை நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், மியூடெக்ஸ் (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

அறிகுறி: நேரம் திடீரென்று 71 நிமிடம் 35 நொடி பின்னால் போகிறது

இந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். 32 பிட்டில் அடங்கும் மைக்ரோ நொடிகள் 4,29,49,67,296. அதாவது 71 நிமிடம் 35 நொடி. மில்லி நொடியில் எண்ணினால் 49 நாள் 17 மணி. இந்த அளவில் ஒரு தாவல் தெரிந்தால், 64 பிட் எண் இரண்டு துண்டாகப் படிக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப் பாதி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்தில், மேல் பாதி பழையது, கீழ்ப் பாதி புதியது என்று படிக்கும் த்ரெட் கலந்து எடுத்துவிடுகிறது. பின்னால் போகாமல் அதே அளவு முன்னால் குதித்தாலும் காரணம் ஒன்றே.

பழைய இரட்டைக் கோர் கார்டெக்ஸ் ஏ9 போர்டு ஒன்றில் எங்களுக்கு இது வந்தது. மாறி வோலடைல்தான். ஆனால் 32 பிட் பிராசசரில் 64 பிட் மாறியை ஒரே மூச்சில் எடுப்பேன் என்று வோலடைல் வாக்குக் கொடுக்கவில்லை. அசெம்பிளியில் அடுத்தடுத்து இரண்டு எல்டிஆர் தெரிந்தால் முடிந்தது. எல்டிஆர்டி என்ற ஒரே கட்டளை தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். எல்பிஏஇ என்ற பெரிய முகவரி வசதி இல்லாத ஆர்ம்வி7 சிப்பில் அது பிளவுபடாது என்ற உறுதி இல்லை, ஏ9 அந்த வகை. அட்டாமிக் ஆக்கினால் கம்பைலர் 64 பிட்டையும் ஒன்றாக எடுக்கும் எல்டிஆர்இஎக்ஸ்டி போடும். சில சிப்புகளுக்குத் தொகுக்கும்போது லிப்அட்டாமிக் என்ற நூலகம் வேண்டும் என்று, தொகுத்த துண்டுகளை இணைக்கும் லிங்கர் முரண்டு பிடிக்கும், சேர்த்துவிடுங்கள்.

அதே ஏ9-இல் இன்னொரு பழைய வியாதியும் உண்டு. ஒரே மாறியை அடுத்தடுத்து இரண்டு முறை படித்தால், இரண்டாவது படிப்பில் முதல் படிப்பை விடப் பழைய மதிப்பு வரலாம். எண்ணிக்கை முன்னால் போய்ப் பின்னால் வருவதுபோல் தெரியும். இது சிப்பின் பிழை. ஆர்ம் நிறுவனமே 2011-இல் 761319 என்ற எண்ணில் அறிவித்தது. இரண்டு லோட்களுக்கு நடுவே டிஎம்பி போட வேண்டும் என்பது பரிகாரம். மற்ற மாறிகளோடு வரிசை உறுதி தராத ரிலாக்ஸ்டு அட்டாமிக் லோடுக்குப் பதில் அக்வயர் லோட் எழுதினால், ஆர்ம்வி7-இல் அதோடு டிஎம்பி எப்படியும் வருவதால், தானாகவே தப்பித்துவிடுவீர்கள்.

அறிகுறி: எண்ணிக்கை குறைகிறது

வோலடைல் மாறியில் ஒன்றைக் கூட்டுவது என்பது எடு, கூட்டு, வை என்ற மூன்று வேலை. இரண்டு த்ரெட் ஒரே சமயத்தில் எடுத்தால் ஒன்று தொலையும். தோல் சுற்றும் டிரம்மின் சுற்றுகளை இரண்டு சென்சாரில் இருந்து ஒரே மாறியில் கூட்டினால், மாலையில் கணக்கு இடிக்கும். அட்டாமிக் கூட்டல் போடுங்கள். வெறும் எண்ணிக்கை என்றால் ரிலாக்ஸ்டு போதும். அசெம்பிளியில் எல்டிஎக்ஸ்ஆர், எஸ்டிஎக்ஸ்ஆர் ஜோடியோ எல்டிஏடிடியோ இருக்கும், அல்லது அந்தப் பெயர் கலந்த ஒரு துணை ஃபங்ஷனை அழைக்கும் வரி இருக்கும்.

அறிகுறி: பாயின்டர் காலியா என்று சோதித்த பிறகும் காலி பாயின்டரில் விழுகிறது

இது சற்று மர்மமானது. பாயின்டரை (முகவரியை வைத்திருக்கும் மாறியை) கோடில் ஒரு முறை எடுத்து உள்ளூர் மாறியில் வைத்து, சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறீர்கள். ஆனால் மூல மாறி சாதாரணமானது என்றால், பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்களின் பற்றாக்குறையில் கம்பைலர் உள்ளூர்ப் பிரதியைத் தூக்கிவிட்டு, தேவைப்படும்போது மெமரியில் இருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரும் மாற்ற மாட்டார்கள் என்று அது நம்புகிறது. சோதித்தது ஒரு மதிப்பு, பயன்படுத்தியது இன்னொன்று. லினக்ஸ் கெர்னலில் ரீட் ஒன்ஸ் என்ற மேக்ரோ இருப்பது இதற்காகவும்தான். அதன் உள்ளே, அந்த ஒரு படிப்பை மட்டும் வோலடைல் ஆக்கும் காஸ்ட்தான் இருக்கிறது. கெர்னல்காரர்கள் வோலடைல் மாறியை வெறுப்பார்கள், வோலடைல் படிப்பை விரும்புவார்கள். நம் நிரல்களுக்கு அக்வயர் லோட் போதும்.

அறிகுறி: அட்டாமிக் போட்ட பிறகு வன்பொருள் ரெஜிஸ்டர் சொன்னபடி கேட்கவில்லை

இங்கே தலைகீழ். சாதனத்தின் ரெஜிஸ்டரை, அதாவது அந்தச் சாதனத்தோடு பேசும் முகவரியை, படிப்பதே ஒரு செயல். இரண்டு முறை படி என்றால் இரண்டு முறை படிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அட்டாமிக் லோட்களை ஒன்றாக்கத் தரநிலை இடம் கொடுக்கிறது. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இப்போதைக்கு அதைச் செய்வதில்லை என்பது நம் அதிர்ஷ்டம், வாக்குறுதி இல்லை. வோலடைல் பிறந்ததே இந்த வேலைக்குத்தான், இங்கே அதையே போடுங்கள். டிஎம்ஏ (பிராசசர் வழியாக இல்லாமல் சாதனம் நேராக மெமரியில் எழுதுவது) நிரப்பிய இடத்தில் பழைய தரவு தெரிந்தால் வோலடைலும் அட்டாமிக்கும் இரண்டுமே உதவாது. கேஷ் (பிராசசர் பக்கத்தில் வைத்திருக்கும் பிரதி) உள்ளடக்கத்தை ரத்து செய்யும் அழைப்பைத் தேடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, கம்பைலர் மேலேயே சந்தேகம்

நடக்காத விஷயம் இல்லை. 2008-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் எரிக் ஐடும் ஜான் ரெகரும் 13 சி கம்பைலர்களைச் சோதித்து, ஒவ்வொன்றிலும் வோலடைலைத் தவறாகக் கையாளும் இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் புகார் எழுதும் முன் நிரலை இருபது வரிக்குச் சுருக்குங்கள். எங்கள் தம்பி ஒரு முறை ஜிசிசி பிழையைப் பிடித்துவிட்டேன் என்று அசெம்பிளியோடு வந்து நின்றான். வோலடைல் என்று அறிவித்த மாறி, ஓ2-இல் ஒரே எல்டிஆர்தான், சந்தேகமே இல்லை. சுருக்கிக்கொண்டே போனோம். பன்னிரண்டாவது வரியில் அந்த மாறியின் முகவரி, வோலடைல் இல்லாத சாதாரண பாயின்டராக மாற்றப்பட்டு ஒரு ஃபங்ஷனுக்குப் போயிருந்தது. கம்பைலர் அதற்கு எச்சரிக்கை கொடுக்குமே, ஏன் வரவில்லை என்று தேடினால், எச்சரிக்கைகளை மொத்தமாக அடைத்து வைத்த வரி, தொகுக்கும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் இருந்தது. அதை எழுதியது நான்தான்.